பதினான்காம் பாரம்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சபையின் ஜெபக் குறிப்பில் யாருடைய பெயரும் வராது. பாஸ்டர் வைத்த சட்டம் அது. பெயர் போட்டால் ஊர் வாயில் விழும், ஆண்டவருக்குத் தெரியாத பெயரா என்பது அவர் கட்சி. அதனால் 'மூன்றாம் வரிசை எலெக்ட்ரீஷியனின் சிறுநீரகக் கல்', 'பஸ் டிரைவர் மகளின் வரன்', 'கோழிக்கடை அக்காவின் மூட்டு வலி' என்றுதான் எழுதுவார்கள். அதனால் ஊர் வாய் ஓய்ந்துவிட்டதா என்ன? எலெக்ட்ரீஷியனை வழியில் நிறுத்தி, கல் கரைந்ததா இல்லையா என்று கேட்கிறவர்கள் கூடினார்களே தவிரக் குறையவில்லை.

மொத்தம் அறுபத்திரண்டு எண்கள். ஒவ்வொரு எண்ணும் சீட்டுக் குலுக்கி யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். யாருக்கு எது என்று வெளியே சொல்லக் கூடாது. கையில் வந்த எண் அவருடைய பாரம். பதில் வருகிற நாள்வரை தினமும் அதற்காக மன்றாட வேண்டும். பிடிக்கவில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க முடியாது. பதில் வந்துவிட்டால் அடுத்த குறிப்பில் அந்த எண்ணுக்கு எதிரே வரி வெறுமையாக இருக்கும். வெள்ளிக்கிழமை மதியக் கூட்டத்தில் பாஸ்டர் அதைப் பார்த்ததும் கையை உயர்த்துவார். கூட்டம் மொத்தமும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லும்.

இந்தக் குறிப்பை அடித்து எண்பது பிரதி எடுத்துக் கொடுப்பது 'டிகிரி'யின் வேலை. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான் என்பதால் சபை வைத்த பெயர். அவ்வளவு படித்தும் ஜெராக்ஸ் கடையில்தானே நிற்கிறாள் என்ற குத்தலும் அந்தப் பெயருக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவளுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததைக் காட்டிக்கொண்டால் இன்னும் நாலு பேர் கூப்பிடுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய குறிப்பைத் திறப்பாள். தேதியை மாற்றுவாள். ஒன்றிரண்டு வரி சேர்ப்பாள், எடுப்பாள். அச்சடித்துவிடுவாள். பதினான்காவது வரியை அவள் கண் படிக்காது. அந்த வரி இதுதான்: 'தையல்காரம்மாவின் கணவர் வீடு திரும்ப.'

தையல்காரம்மா அவளுடைய அம்மா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் காலர் பிரிவில் இருக்கிறவள். கணவர் என்றால் அவளுடைய அப்பா. ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு தோள்பையோடு மாடிப்படி இறங்கிப் போனவர், போனவர்தான்.

அப்பாவைப் பற்றிச் சபையில் இன்றைக்கும் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். ஜெபிக்க அவர் எழுந்தால் கூட்டமே மூக்கைச் சிந்தும். அப்படி ஒரு குரல், அப்படி ஒரு சொல்லடுக்கு. அதே குரல் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்காத கேள்வி கிடையாது. பிறகு கை பேசும். கை ஓய்ந்ததும் முழங்காலில் நின்று அழுது, அழகழகான வார்த்தைகளில் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்பார். வீங்கின உதட்டோடு அம்மா ஆமென் சொல்ல வேண்டும். சொல்லத் தாமதித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இதையெல்லாம் அடுப்படி மூலையில் நின்று பார்த்தே டிகிரி பதினான்கு வயது வரை வளர்ந்தாள். அதனால்தான் அவள் வாய்விட்டு ஜெபிப்பதே இல்லை. வாயைத் திறந்தால் அப்பாவின் வார்த்தைகள் வரிசை கட்டி வந்து நிற்கும். அவள் குரல் வேறு அவருடையதையே உரித்து வைத்திருந்தது.

அந்த வாரம் கடைக்காரர் வைரஸ் என்று சொல்லிக் கம்ப்யூட்டரை மொத்தமாகத் துடைத்துவிட்டார். குறிப்பும் அதோடு போயிற்று. போன வாரத்துப் பிரதியை எதிரே வைத்துக்கொண்டு அறுபத்திரண்டு வரியையும் அவள் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று.

பதின்மூன்று வரை விரல்கள் ஓடின. '14' என்று அடித்து ஒரு புள்ளியும் வைத்தாள். 'தையல்' என்று அடித்தாள். அதற்கு மேல் விரல் நகரவில்லை. இத்தனை வருடம் அது தானாக அச்சாகிக்கொண்டிருந்த வரி. இப்போது ஒவ்வோர் எழுத்தாக அவளே அடித்து, அவளே அந்த ஆளைக் கூப்பிட வேண்டும். 'வீடு திரும்ப.' எந்த வீடு? மூன்றாம் மாடியில், ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக, அம்மாவும் அவளும் பயமில்லாமல் தூங்குகிற வீடு.

'தையல்' என்பதையும் அழித்துவிட்டாள். எண் மட்டும் நின்றது. பதினைந்துக்குப் போனாள்.

வெறும் வரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இந்தக் காகிதத்தை யார் படிக்கிறார்கள் என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை விசிறிக்கொள்ள ஆகும், சனிக்கிழமை பாத்திரத்துக்கு அடியில் போகும். அறுபத்திரண்டு பேரும் அறுபத்திரண்டு எண்ணுக்காக உட்கார்ந்து உருகுகிறார்களாக்கும் என்று வாய்க்குள் சிரித்துக்கொண்டே எண்பது பிரதி எடுத்து, டயர் கடை வழியாக மேலே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் இரண்டரை மணிக்கு வாட்ச்மேன் ஐயா கடைக்கு வந்தார். அம்மா வேலை பார்க்கிற யூனிஃபார்ம் கம்பெனியின் கேட்டில் மூன்று மணி ஷிஃப்டுக்கு நிற்கிறவர். அறுபது தாண்டியவர், இரண்டு முட்டியும் போனவர். கடைப்படி இரண்டையும் ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. நீலச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த குறிப்பை எடுத்து மேசை மேல் விரித்தார்.

"பதினாலு என் நம்பரும்மா," என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை. "எது ஐயா?"

"அதான், உங்க வீட்டு பாரம். வெளிய சொல்லக் கூடாதும்பாங்க. பதில் வந்தாச்சே, இனி சொல்லலாம்ல? ஒம்பது வருஷமா என்கிட்டதான் இருந்துச்சு."

கையிலிருந்த காகிதக் கட்டை அவள் கீழே வைத்தாள்.

"நான் சபைக்கு வந்ததே உங்கப்பா போன பிறகுதான். ஆளப் பாத்ததில்ல, பேரும் தெரியாது. காலைல நாலரைக்கு எழுந்து, தையல்காரம்மாவின் கணவர், தையல்காரம்மாவின் கணவர்னே சொல்லிட்டிருப்பேன். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப் போயிருக்கும்." மேலே ஒரு விரலைக் காட்டிச் சிரித்தார். "ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நடுவுல ரெண்டு வருஷம் வாய்தான் சொல்லுச்சு, மனசு அதுல இல்ல. யாரோ ஒருத்தன் எங்கயோ போனா எனக்கு என்னன்னு கூடத் தோணியிருக்கு. ஆனா எழுந்திரிக்கிறத விடல. என் பொண்டாட்டி செத்த அன்னைக்குக் கூட முதல்ல அவரத்தான் சொன்னேன், பழக்கதோஷம். அப்புறம்தான் அவள நினைச்சேன்."

"ஐயா…"

"இன்னைக்குப் பாக்குறேன், பதினாலு வெறுமையா இருக்கு. எல்லாரும் கை தட்டுறாங்க. எனக்குக் கையே வரல. நாற்காலில அப்படியே உக்காந்துட்டேன். எப்ப வந்தார்? நல்லா இருக்காரா?"

அந்த நேரம் பார்த்து ஒருவர் இடையில் கையை நீட்டி, "முன்னும் பின்னும் வேணும், பத்து செட்," என்றார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. சொல்லியிருக்கலாம். இல்லை ஐயா, வரவில்லை, நான்தான் அடிக்கவில்லை என்று சொல்ல மூன்று விநாடி ஆகுமா? ஆனால் அந்த முகம் ஒன்பது வருடப் பாரத்தை இப்போதுதான் இறக்கி வைத்த முகமாக இருந்தது. "நல்லா இருக்கார் ஐயா," என்றாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்தடுத்து ஆட்கள் வந்து, நாலு மணிக்குக் கூட்டம் ஓய்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் போனது கம்பெனி கேட்டுக்கு. அம்மா இருப்பது அந்தக் கேட்டுக்கு உள்ளே.

அம்மாவின் போனுக்கு அடித்தாள். ஷிஃப்டில் எல்லார் போனையும் வாங்கி டப்பாவில் போட்டு வைப்பார்கள். மணி அடித்து ஓய்ந்தது. கடைக்காரரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, அவர் முகம் சுளிப்பதற்கு முன்பே தெருவில் இறங்கிவிட்டாள். பாதி வழியில் கோழிக்கடை அக்கா போனில் கூப்பிட்டாள்.

"ஏண்டி டிகிரி, என்கிட்ட கூட வாயத் திறக்கலியே நீ! மேடை போட்டு அழுதவ நான்தானடி உங்கப்பாவுக்காக. ஆளு எளச்சிட்டாரா, பெருத்துட்டாரா?"

"அக்கா, அப்புறம் பேசறேன்."

"அப்புறம் என்ன அப்புறம்? ஒரு முழுக் கோழி எடுத்து வச்சிருக்கேன். புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்க வேண்டாமா? ஈரல் தனியா கட்டியிருக்கேன், அண்ணனுக்கு ஈரல் உசுரு…"

போனை அணைத்தாள். அண்ணனுக்கு ஈரல் உயிர் என்பதை இவ்வளவு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அம்மாவின் இடது காது கேட்காமல் போனது எப்படி என்று ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் ஐயா லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனதும் காலர் பிரிவு சூப்பர்வைசரம்மா வாயெல்லாம் பல்லாக வந்தாள். "அம்மா அப்பவே கிளம்பிட்டாங்களே! அரை நாள் பர்மிஷன் நான்தான் குடுத்தேன். முகம் கழுவி, என் பவுடர வாங்கிப் போட்டுக்கிட்டு… கண்ணாடி கூடப் பாக்கல பாவம். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டாங்க, நான்தான் துடைச்சி விட்டேன்."

டிகிரி வந்த வழியே திரும்பினாள். பவுடர். அம்மா அந்த ஆளுக்காக முகம் கழுவிக்கொண்டு ஓடியிருக்கிறாள். பூட்டிய கதவைத் திறந்து, அடுப்படி வரை போய்ப் பார்த்து, ஒருவரும் இல்லாத கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். மகள் செய்த வேலை.

வீட்டு மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டாள். அம்மா அங்கேயே, படியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். நெற்றியோரத்தில் பவுடர் வேர்வையில் கரைந்து கோடாக இறங்கியிருந்தது.

மகளைப் பார்த்ததும் அம்மா உதட்டில் விரலை வைத்தாள். மெதுவாகக் கேட்டாள். "உள்ள இருக்காரா?"

"அம்மா…"

"சத்தமா பேசாதடி. எப்படி இருக்காரு, கோவமா இருக்காரா? ஏதாவது கேட்டாரா?"

"யாரும் இல்லம்மா."

"போயிட்டாரா?"

"வரவே இல்ல. நான்தான் எடுத்தேன். பதினாலாவது வரிய நான்தான் அடிக்காம விட்டேன். அத வச்சு வந்துட்டாருன்னு அவங்களா நினைச்சுக்கிட்டாங்க. வாட்ச்மேன் ஐயாகிட்டயும் நான் உண்மைய சொல்லல."

கீழே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். பிறகு அம்மா மகளின் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். அது வலிக்கவே இல்லை. அடி வாங்கியே பழகிய கைக்கு அடிக்கத் தெரியவில்லை.

"ஏண்டி அப்படி பண்ணின?"

"கை வரலம்மா. நானே வாசல்ல நின்னு அவர கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. நீ வேணும்னா கூப்பிட்டுக்கோ. என்னால முடியாது. மன்னிச்சுக்கோம்மா, நீ முகமெல்லாம் கழுவிக்கிட்டு…"

"அத ஏன் கேக்குற." அம்மா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள். "கேட்டுக்குக் கூப்பிட்டு வாட்ச்மேன் ஐயா சொன்னப்ப ஸ்தோத்திரம்னுதான் வாயில வந்துச்சு. அழுதேன். பவுடர் போட்டேன். மொத மாடி வரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டேதான் வந்தேன். இங்க வந்ததும் கால் நின்னுடுச்சு. முக்கால் மணி நேரமாச்சு. எழுந்திரிக்கப் பாத்தா முடியல. அப்ப என்ன கேட்டேன் தெரியுமா?"

மகள் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆண்டவரே, மேல கதவு பூட்டியிருக்கணும்னு கேட்டேன். உள்ள யாரும் இருக்கக் கூடாதுன்னு கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேண்டி. ஒம்பது வருஷமா காலையும் சாயங்காலமும் ஒண்ணு கேட்டுட்டு, இப்ப படிக்கட்டுல உக்காந்துகிட்டு அத வேண்டாங்கிறேன். ஆண்டவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரு?"

டிகிரிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "அப்ப எதுக்கும்மா இத்தன வருஷம் கேட்ட? எதுக்கு முழங்காலத் தேச்ச?"

"நானா கேட்டேன்? உங்கப்பா போன மூணாம் நாள் பாஸ்டரும் நாலு பேரும் வந்து உக்காந்தாங்க. தைரியமா இருங்க, திரும்ப வருவாருன்னாங்க. பாஸ்டர் பேனாவ எடுத்து அவரே எழுதிக்கிட்டார். உனக்கு என்னம்மா வேணும்னு ஒருத்தர் கேக்கணுமே. அறுபது பேர் எனக்காக ஒண்ணு கேக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? சொல்லச் சொல்ல அதுதான் எனக்கு வேணும்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

மகள் அந்தப் படியிலேயே அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு இடம் போதாது. இடுப்பு சுவரில் இடித்தது. மேல்மாடிக்காரர் காய்கறிப் பையோடு வந்து, இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி ஏறிப் போனார். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா. பசிக்குது. வேலை நெருக்கடில மத்தியானம் டப்பாவத் திறக்கவே இல்ல."

வீட்டுக்குள் வெயில் கட்டில் வரை வந்திருந்தது. அம்மா மதியச் சாப்பாட்டை அப்படியே ஆறிப்போனபடி சாப்பிடத் தொடங்கினாள். இரண்டு வாய் போயிருக்காது, பாஸ்டர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக மேடைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது.

"அவரு வரல பாஸ்டர்," என்றாள் அம்மா. "இல்ல, வரல… அடிக்கும்போது விட்டுப்போச்சு… ஆமா, புள்ளைதான், புதுசா அடிச்சா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரமா? வேண்டாம் பாஸ்டர். அத மறுபடி போட வேண்டாம்." எதிர்முனையில் பேச்சு நீண்டது. அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே, ம் என்றாள், இன்னொரு ம் என்றாள். "நீங்க சொல்றது சரிதான். எனக்குத்தான் முடியல. களைச்சுப் போயிட்டேன் பாஸ்டர். வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள். பாஸ்டரின் பேச்சை அம்மா நடுவில் வெட்டி மகள் பார்த்ததில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"விட்டுப்போச்சுன்னு ஏன் பொய் சொன்ன?"

"உன்னை நாலு பேரு நடுவுல நிறுத்திக் கேள்வி கேக்கவா?" அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "பாஸ்டருக்கு நான் சொல்லிட்டேன். வாட்ச்மேன் ஐயாவுக்கு நீ சொல்லணும். அவருக்குப் பொய் சொன்னது நீதான்."

"நாளைக்கு சொல்றேன்."

"நாளைக்கு நாலரைக்கு அவரு எழுந்திரிச்சு எங்கேயோ இருக்கிறவருக்காக நன்றி சொல்லிட்டிருப்பாரு. இப்பவே சொல்லு."

அவள் போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் லாரி இரைச்சல். அவள் சுற்றி வளைக்கவில்லை. வரவில்லை, நான் வேண்டுமென்றே விட்டேன், காலையில் உங்களிடம் சொன்னது பொய் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். மதியத்தைக் காலை என்று சொன்னதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அன்றைய பகல் அவ்வளவு நீளமாகியிருந்தது.

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள்.

"இருக்கேன்மா," என்றார். பெருமூச்சு விட்டார். "அப்ப நாளைக்கும் எழுந்திரிக்கணும். இன்னைக்கு மதியம்தான், இனிமே ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்னு நினைச்சேன்."

"வேண்டாம் ஐயா. இனிமே கேக்காதீங்க. அவர் வர வேண்டாம். அம்மாவுக்கும் வேண்டாம்."

"ஓ."

"அவர் எங்கம்மாவ அடிப்பார் ஐயா. அது குறிப்புல வராது."

"இது எனக்குத் தெரியாதும்மா," என்றார் மெதுவாக. "ஒம்பது வருஷமா நான் ஆளத் தெரியாம, அடிக்கிறவனப் போய் வா வான்னு கூப்பிட்டிருக்கேன். நல்ல வேளை, மேல இருக்கிறவரு கேக்கல."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்ததால் எது எது என்று தெரியவில்லை.

"சரி, இப்ப நான் என்னன்னு கேக்கட்டும்?"

"எதுவும் கேக்க வேண்டாம் ஐயா. தூங்குங்க."

"தூக்கம் எங்க வரும்? நாலரைக்குக் கண்ணு தானா திறந்துரும். திறந்தா வாய் பதினாலத் தேடும். சும்மா முட்டிய மடக்கிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? நீ படிச்ச புள்ள, சொல்லு. நீ சொல்றதத்தான் கேப்பேன். இரு இரு, எழுதிக்கறேன்."

அம்மா கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கேட்கிற பக்கத்துக் காது மேலே இருந்தது. அப்பாவாக இருந்தால் இந்நேரம் எட்டு அடுக்குக்கு வார்த்தை கட்டியிருப்பார். மகளிடம் ஒன்றுகூட இல்லை. ஆண்டவரே என்று ஆரம்பிக்கவும் வரவில்லை.

"அவர் வர வேண்டாம்," என்றாள்.

"ம். வர வேண்டாம்."

"அம்மா ராத்திரில எழுந்து எழுந்து தாழ்ப்பாளப் பாக்குறாங்க. அது நிக்கணும்."

"தாழ்ப்பாள்… ம். அப்புறம்?"

"எனக்கு வேற வேலை கிடைக்கணும். இதே கோவத்தோட கிழவியாகக் கூடாது."

"மெதுவா சொல்லும்மா. கோவம்… சரி. அப்புறம்?"

அவள் நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தாள். வாய்தான் நிற்கவில்லை. "அவர் எங்க இருந்தாலும், யாராவது ஒருத்தர் சாப்பிட்டியான்னு கேக்கணும்."

சொன்னதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கட்டிலில் அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"ஐயா, அந்தக் கடைசி வேண்டாம். அத அடிச்சிருங்க."

"பேனாவுல எழுதிட்டேனே," என்றார் வாட்ச்மேன் ஐயா. "கேட் ரெஜிஸ்டர்ல வேற எழுதிட்டேன். இதுல அடிச்சா மேனேஜர் காரணம் கேப்பாரு." கேட்டுக்கு வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்தது. "இரு, வர்றேன்," என்று போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அவள் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.